ஒழுங்கீனக் குற்றச்சாட்டும் வேலை நீக்கமும்: ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் வழக்கறிஞர் இல்லை. சங்கப் பிரதிநிதியாகச் சில விசாரணைக் கூட்டங்களில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன், அவ்வளவுதான். விரிவுரையாளர், ஆய்வக ஊழியர், அலுவலக நிர்வாகி என்று யார் வந்தாலும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. இங்கே சொல்வதெல்லாம் ஆஸ்திரேலியக் கூட்டரசுச் சட்டமான 2009 ஃபேர் வொர்க் சட்டத்தை வைத்து. உங்கள் சொந்த விவகாரத்துக்கு ஆள் வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை முதலில் வந்த குற்றச்சாட்டால் வேலை போனவர்களைவிட, குற்றச்சாட்டுக் கடிதம் கைக்கு வந்த பிறகு கோபத்திலோ பயத்திலோ செய்த காரியத்தால் வேலை போனவர்கள்தான் அதிகம்.

"நியாயமற்ற வேலை நீக்கம்" என்று சட்டம் எதைச் சொல்கிறது?

வேலை நீக்கம் கடுமையானதாகவோ, அநீதியானதாகவோ, நியாயத்துக்குப் பொருந்தாததாகவோ இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இருந்தால் போதும், மூன்றும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. இதை 1995இல் பைர்ன் எதிர் ஆஸ்திரேலியன் ஏர்லைன்ஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் (ஆஸ்திரேலியாவில் எல்லாவற்றுக்கும் மேலான நீதிமன்றம் அதுதான்) பிரித்துக் காட்டியது. நீங்கள் செய்யவே இல்லை என்றால் அது அநீதி. கையில் இருந்த தகவலை வைத்து அந்த முடிவுக்கு வந்திருக்கவே முடியாது என்றால் அது நியாயத்துக்குப் பொருந்தாதது. செய்தது உண்மைதான், ஆனால் அந்தத் தப்புக்கு இந்தத் தண்டனை அதிகம், அல்லது அதனால் உங்கள் வாழ்க்கையே குலைந்துபோகிறது என்றால் அது கடுமையானது.

இதைத் தீர்மானிப்பது வேலை விவகாரங்களுக்கான கூட்டரசுத் தீர்ப்பாயமான ஃபேர் வொர்க் கமிஷன். சட்டத்தின் 387ஆம் பிரிவில் கமிஷன் பார்க்க வேண்டிய விஷயங்கள் வரிசையாக இருக்கின்றன. நடத்தை சார்ந்த தகுந்த காரணம் இருந்ததா, அந்தக் காரணம் உங்களிடம் சொல்லப்பட்டதா, பதில் சொல்ல வாய்ப்புத் தந்தார்களா, துணைக்கு ஆள் கேட்டபோது மறுத்தார்களா என்பவை அதில் முக்கியம். நிறுவனம் எவ்வளவு பெரியது, தனி எச்.ஆர். பிரிவு உண்டா என்பதும் பட்டியலில் இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்கிற கடைக்காரர் நடைமுறையில் சறுக்கினால் கமிஷன் கொஞ்சம் பொறுத்துப் போகும். எச்.ஆருக்கென்று ஒரு மாடியே வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

என் சம்பளம் அதிகம். நான் விண்ணப்பிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். சம்பள உச்சவரம்பு ஒன்று இருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் அது ஆண்டுக்கு 1,83,100 டாலர், ஒவ்வொரு ஜூலையிலும் மாறும். ஆனால் கூட்டு ஒப்பந்தம் (நிர்வாகமும் ஊழியர்களும் மொத்தமாகச் செய்துகொள்ளும் பணி ஒப்பந்தம்) பொருந்தும் ஊழியருக்கு அந்த வரம்பு தடையே இல்லை. பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் வரைக்கும் அநேகமாக எல்லோருக்கும் கூட்டு ஒப்பந்தம்தான். தனி ஒப்பந்தத்தில் இருக்கும் துணைவேந்தர் அளவிலான உயர்நிர்வாகிகள்தான் இந்த வரம்பில் மாட்டுவார்கள்.

இன்னொரு நிபந்தனை, குறைந்தது ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். கேஷுவலாகப் பாடம் எடுப்பவருக்கும் வழி உண்டு. வேலை முறையாகத் தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும், இனியும் வரும் என்று எதிர்பார்க்க நியாயமான காரணமும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அந்தக் காலத்தையும் கணக்கில் எடுப்பார்கள். குறித்த கால ஒப்பந்தம் அதன் கடைசித் தேதியில் முடிந்துபோனால் அது பொதுவாக வேலை நீக்கமாகவே ஆகாது. புகார் எழுந்ததால்தான் புதுப்பிக்கவில்லை என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தாலும் இந்தக் கதவு மூடித்தான் இருக்கும், வேறு கதவைத் தட்ட வேண்டும் (அது கீழே வருகிறது).

21 நாள் என்கிறார்களே, அது எப்போதிலிருந்து?

வேலை நீக்கம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து. அந்த நாளை விட்டுவிட்டு மறுநாள் ஒன்று என்று எண்ணத் தொடங்குங்கள். வார இறுதியும் கணக்கில் சேரும். 21ஆவது நாள் சனி, ஞாயிறு அல்லது பொது விடுமுறையில் விழுந்தால் மட்டும் அடுத்த வேலை நாள் வரை நேரம் உண்டு. நோட்டீஸ் காலம் முழுக்க வேலை பார்க்கச் சொன்னால் அது முடியும் நாளிலிருந்து எண்ண வேண்டும். நோட்டீஸுக்குப் பதிலாகக் காசைக் கொடுத்து இன்றே போ என்றால் அந்தச் செய்தி உங்களை வந்தடைந்த நாளிலிருந்து. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, காசு கொடுத்த ஐந்து வாரமும் வேலையில் இருப்பதாக நினைத்து நாளைத் தவறவிட்டவர்கள் உண்டு.

இதைவிடப் பெரிய பொறி, பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் மறுபரிசீலனை. துணைவேந்தருக்கு எழுதியிருக்கிறோம், மறுபரிசீலனைக் குழு கூடப்போகிறது, அது முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நல்ல மனதோடு காத்திருப்பார்கள். வேலை நீக்கம் ஏற்கெனவே நடைமுறைக்கு வந்துவிட்டால், உள்ளே எந்தக் குழு கூடினாலும் கடிகாரம் நிற்காது. கமிஷன் கால நீட்டிப்பு தரலாம், ஆனால் அசாதாரணச் சூழ்நிலை இருக்க வேண்டும். மன உளைச்சல், கெடு தெரியாது, உள்ளே பேசிக்கொண்டிருந்தேன் என்பதெல்லாம் சாதாரணமாக எடுபடுவதில்லை. வழக்கறிஞரோ சங்கமோ செய்த தவறால் தாமதமாகி, உங்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை என்றால் ஓரளவு எடுபடும். எஃப்2 என்ற விண்ணப்பப் படிவம் நீளமானது இல்லை, கட்டணமும் 2025 ஜூலை நிலவரப்படி 90 டாலருக்குள்தான், வசதியில்லை என்றால் அதையும் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். முதலில் போட்டுவிடுங்கள். அப்புறம் உள்ளே என்ன வேண்டுமானாலும் பேசுங்கள்.

குற்றச்சாட்டுக் கடிதம் வந்திருக்கிறது. இன்று என்ன செய்வது?

இன்று எதுவும் எழுதாதீர்கள். அதுதான் முதல் வேலை.

அப்புறம் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். எந்தத் தேதியில், எங்கே, யாரிடம், என்ன செய்தேன் என்று சொல்கிறார்கள்? பல கடிதங்களில் "மரியாதைக் குறைவாக நடந்துகொண்டீர்கள்", "சக ஊழியரை மிரட்டும் தொனியில் பேசினீர்கள்" என்று மட்டும் இருக்கும். இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் உங்கள் பத்து வருடப் பணி வரலாற்றை எழுதிவிடுவீர்கள், அதிலிருந்து இன்னும் நாலு குற்றச்சாட்டு முளைக்கும். தேதி, இடம், சொன்ன வார்த்தை, சாட்சி எல்லாவற்றையும் தரும்படி எழுத்தில் கேளுங்கள். பதிலுக்கு நேரம் போதாது என்றால் நீட்டிப்பும் கேளுங்கள், காரணத்தோடு கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

உங்கள் பல்கலைக்கழகத்தின் கூட்டு ஒப்பந்தத்தை இணையத்திலிருந்து இறக்கி, ஒழுங்கீனம் பற்றிய பகுதியை எடுத்து வையுங்கள். ஒழுங்கீனம், கடும் ஒழுங்கீனம் என்று இரண்டு வகை அதில் இருக்கும், பல ஒப்பந்தங்களில் இரண்டாவது வகைக்குத்தான் வேலை நீக்கம் பொருந்தும். பதிலுக்கு எத்தனை வேலை நாள், விசாரிப்பவர் யார், முடிவெடுப்பவர் யார், சஸ்பென்ஷன் சம்பளத்தோடா இல்லாமலா, மறுபரிசீலனைக் குழு உண்டா எல்லாம் அங்கேதான் இருக்கும். இது ஒவ்வொரு பல்கலைக்கும் வேறு. நண்பர் வேலை பார்க்கும் பல்கலையில் இப்படித்தான் நடந்தது என்று சொல்வதை நம்பி இறங்காதீர்கள்.

செய்யக் கூடாதவை மூன்று. புகார் கொடுத்தவர் யார் என்று தெரிந்தாலும் அவரைத் தொடர்பு கொள்ளாதீர்கள், "ஒரு தவறான புரிதல், பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று அன்பாக அனுப்பிய செய்திகூடப் பழிவாங்கலாகவோ மிரட்டலாகவோ படிக்கப்படும். ரகசியம் காக்கச் சொல்லியிருந்தால் வழக்கறிஞர், சங்கம், மருத்துவர் தவிர யாரிடமும் பேசாதீர்கள். துறை வாட்ஸ்அப் குழு கண்டிப்பாக வேண்டாம். பல்கலைக்கழக மின்னஞ்சல்களை மொத்தமாகச் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். உங்களுக்குத் தேவையான ஆவணங்கள் எவை என்று பட்டியல் போட்டு அவர்களிடமே கேளுங்கள். மாணவர் விவரம் உள்ள ஒரு கோப்பு வெளியே போனால், முதல் குற்றச்சாட்டு பொய்யாகவே இருந்தாலும், இந்த இரண்டாவது குற்றச்சாட்டு உண்மை.

கூட்டத்தை ஃபோனில் ரெக்கார்ட் செய்யலாமா?

சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மறைத்துப் பதிவு செய்வது சில மாநிலங்களில் குற்றம், சில மாநிலங்களில் இல்லை. குற்றமாக இல்லாத இடத்திலும், மறைத்துப் பதிவு செய்தது நம்பிக்கையைக் குலைத்துவிட்டது என்று கமிஷன் ஊழியருக்கு எதிராகப் பேசிய தீர்ப்புகள் உண்டு. கூட்டம் முடிந்ததும் அன்றே உட்கார்ந்து நினைவில் இருப்பதை எழுதி, தேதி போட்டு, "இன்று பேசியது இதுதான் என்று புரிந்துகொண்டேன்" என்று அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் அதுவே நல்ல சாட்சி.

துணைக்கு யாரைக் கூட்டிப் போவது?

சங்க ஆளை. பல்கலைக்கழகங்களில் அது தேசிய உயர்கல்விச் சங்கமான என்.டி.இ.யு. பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால், அந்தப் பிரச்சினைக்கு உதவுவதில் பொதுவாகச் சங்கங்கள் தயங்கும், ஆகவே சேர்வதென்றால் வெயில் அடிக்கும்போதே சேர்ந்துகொள்ளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமா என்று அவர்களாகக் கேட்க வேண்டிய கட்டாயத்தைச் சட்டம் போடவில்லை. நீங்கள் கேட்டு, காரணமில்லாமல் மறுத்தால்தான் அது அவர்கள் மேல் குறையாக விழும். எழுத்தில் கேளுங்கள். கணவரையோ மனைவியையோ கூட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறுதலுக்குச் சரி, ஆனால் உங்களைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம் வரும்.

வெளி ஆள் விசாரித்து "நிரூபணமானது" என்று அறிக்கை தந்துவிட்டார். கதை முடிந்ததா?

இல்லை. இதைத்தான் பலர் புரிந்துகொள்வதில்லை, பல்கலைக்கழக நிர்வாகமும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நடத்தை சார்ந்த வேலை நீக்கத்தில், அந்தச் சம்பவம் நடந்ததா இல்லையா என்பதைக் கமிஷன் தன் முன் வைக்கப்பட்ட சாட்சியத்தை வைத்துத் தானே முடிவு செய்யும். "நாங்கள் விசாரித்தோம், நியாயமாக நம்பினோம்" என்று நிர்வாகம் சொன்னால் போதாது. விசாரணை அறிக்கை எண்பது பக்கம் இருக்கலாம், ஆனால் அதில் பேசியவர்கள் கமிஷன் முன் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்காரவில்லை என்றால் அந்த எண்பது பக்கமும் எடை குறைந்துபோகும்.

நிரூபணத்தின் அளவு, நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டா என்பது. கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு அப்பால் என்பது இல்லை. ஆனால் குற்றச்சாட்டு கனமானதாக ஆக, சாட்சியமும் தெளிவாக இருக்க வேண்டும். 1938இல் பிரிகின்ஷா வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது இன்றும் எல்லா விசாரணை அறிக்கைகளிலும் ஒரு வரியாவது வரும். பெயரைச் சொல்லிவிட்டு அதைக் கடைப்பிடிக்காத அறிக்கைகளும் உண்டு, அங்கேதான் உங்கள் ஆள் வேலை செய்ய வேண்டும்.

"தகுந்த காரணம்" என்பதற்கு எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1995இல் வந்த செல்வச்சந்திரன் எதிர் பீட்டரான் பிளாஸ்டிக்ஸ் தீர்ப்பு. காரணம் திடமானதாக, நியாயப்படுத்தக்கூடியதாக, நல்ல அடிப்படை உள்ளதாக இருக்க வேண்டும். மனம்போன போக்கிலோ வன்மத்திலோ வந்த காரணம் செல்லாது என்று அதில் இருக்கிறது. முப்பது வருடமாக இந்த நாட்டு வேலைச் சட்டத்தில் இத்தனை தடவை உச்சரிக்கப்படும் இந்தப் பெயரை ஆங்கில வழக்கறிஞர்கள் எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்!

ஒரு எச்சரிக்கை. இது இரண்டு பக்கமும் வெட்டும். வேலை நீக்கக் கடிதத்தில் இல்லாத ஒன்றை, நீங்கள் போன பிறகு கணினியைத் தோண்டிக் கண்டுபிடித்தாலும், அது வேலையில் இருந்தபோது நடந்திருந்தால் நிர்வாகம் அதையும் காரணமாக வைக்கலாம்.

விசாரணை நடைமுறையில் நிறையத் தவறு. அது போதுமா?

தனியாக அது போதும் என்று நம்பி இறங்காதீர்கள். முடிவை எடுத்துவிட்டு அப்புறம் "உங்கள் கருத்து என்ன" என்று கேட்பது, முக்கியமான குற்றச்சாட்டு ஒன்றைச் சொல்லாமலே தண்டிப்பது, புகார்தாரரின் நண்பரே விசாரிப்பது இவையெல்லாம் கனமான குறைகள்தான். ஆனால் செய்தது மிகக் கனமானது, ஆதாரமும் பலமாக இருக்கிறது என்றால், நடைமுறையில் குறை இருந்தும் நீக்கம் சரி என்று கமிஷன் முடிவு செய்யக்கூடும். நான்கு நாள் தாமதமாகக் கடிதம் வந்தது, குறிப்பில் எழுத்துப்பிழை இருந்தது என்று பதினைந்து பக்கம் எழுதுகிறவர்கள், சம்பவம் நடந்ததா என்ற கேள்விக்கு ஒரு பத்திதான் எழுதுகிறார்கள். படிக்கிறவருக்கு என்ன தோன்றும்?

கூட்டு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் படியையே தாண்டிவிட்டார்கள் என்றால் அது வேறு விஷயம். ஒப்பந்தத்தை மீறுவது சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி தனிச் சட்டமீறல், நேராக நீதிமன்றம் போகலாம், அதற்கு ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு.

செய்தது உண்மைதான். அப்படியும் ஜெயிக்க முடியுமா?

முடியும். பல வருடம் சுத்தமான பணி, அதே தப்பைச் செய்த மற்றவருக்கு வெறும் எச்சரிக்கை, அதுவரை யாரும் அமல்படுத்தாத விதி, செய்ததை ஒப்புக்கொண்டது, வயது, வேறு வேலை கிடைக்க வழியில்லாத சிறப்புத் துறை எல்லாம் "கடுமையானது" என்ற வாதத்துக்குள் வரும். 2013இல் ஆஸ்திரேலிய அஞ்சல் நிறுவன ஊழியர் மூவர் அலுவலக மின்னஞ்சலில் ஆபாசப் படங்கள் அனுப்பி வேலை இழந்தார்கள். தகுந்த காரணம் இருந்தது, ஆனால் அங்கே அது பலர் செய்துகொண்டிருந்த வழக்கம், நிர்வாகம் கண்டுகொள்ளாமல் இருந்தது, பணிக்காலமும் நீளம். ஆகவே நீக்கம் கடுமையானது என்று கமிஷன் முழு அமர்வின் பெரும்பான்மை சொன்னது.

இந்த வாதத்தைக் கெடுப்பது பொய். விசாரணையில் பொய் சொன்னால் அதுவே இன்னொரு தகுந்த காரணம்.

நான் சொன்னது கல்விச் சுதந்திரம் இல்லையா? பேராசிரியர் பீட்டர் ரிட் வழக்கில் என்ன ஆனது?

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் இந்த வழக்கைத் தங்கள் வெற்றி என்று சொல்லிக்கொள்கின்றன. பீட்டர் ரிட், ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறை பற்றிய ஆய்வுகளின் தரத்தையும், சக ஆய்வாளர்களையும் நிறுவனங்களையும் வெளிப்படையாகக் குறை சொன்னார். 2016இல் முதல் கண்டனம், 2017இல் இறுதிக் கண்டனம், 2018 மே மாதம் வேலை நீக்கம். இது நியாயமற்ற நீக்க விண்ணப்பமாகக் கமிஷனுக்குப் போகவில்லை, கூட்டு ஒப்பந்தத்தின் அறிவுச் சுதந்திரப் பிரிவை மீறினார்கள் என்று நீதிமன்றத்துக்குப் போனது. 2019இல் முதல் நீதிபதி சுமார் 12 லட்சம் டாலர் தரச் சொன்னார். 2020இல் கூட்டரசு நீதிமன்ற முழு அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைக் கவிழ்த்தது. 2021 அக்டோபர் 13 அன்று உயர் நீதிமன்றம் ஒருமனதாக ரிட்டின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

சரி, தோற்றுவிட்டார் என்று நிறுத்தினால் பாதிதான் படித்தீர்கள். தன் துறைக்குள் ஒருவர் கருத்துச் சொல்லும்போது, மரியாதையாகப் பேசு, இங்கிதமாகப் பேசு என்ற நடத்தை விதியைக் காட்டி அதைக் கட்டுப்படுத்த முடியாது என்று உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அந்த ஒப்பந்தத்தின் வார்த்தைப்படி மிரட்டல், வசை, துன்புறுத்தல் போன்றவைதான் எல்லை. ஆகவே 2016 கண்டனம் தப்பு. அப்படியானால் ஏன் தோற்றார்? அந்த முதல் கண்டனத்துக்குப் பிறகு நடந்தவற்றில் துறைசார்ந்த கருத்தோடு சம்பந்தமில்லாதவையும் இருந்தன, ஒழுங்கு நடவடிக்கை பற்றிய ரகசியத்தை வெளியே சொன்னது முதலியவை. அவர் தரப்போ எல்லாமே அறிவுச் சுதந்திரத்தில் அடங்கும் என்று "முழுதும் அல்லது ஒன்றுமில்லை" பாணியில் வாதாடியது. சில அடங்கவில்லை என்றதும் மொத்தமும் போயிற்று.

முதல் கடிதம் தப்பாகவே இருந்தாலும் அதற்குப் பிறகு நாம் செய்வது நம்மைக் கவிழ்க்கும் என்று நான் ஆரம்பத்தில் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வாதத்தை மாற்று நிலைகளோடு வைக்க வேண்டும் என்பது இன்னொரு பாடம்: எல்லாமே சுதந்திரம், அப்படி இல்லையென்றாலும் மிச்சம் இருப்பதற்கு வேலை நீக்கம் அதிகம்.

உங்கள் ஒப்பந்தத்தின் வார்த்தை வேறாக இருக்கும். சிலவற்றில் அறிவுச் சுதந்திரப் பிரிவு பலமாக இருக்கிறது, சிலவற்றில் நடத்தை விதிக்கு உட்பட்டது என்று வாலை ஒட்டியிருக்கிறார்கள். அந்த வால்தான் வழக்கைத் தீர்மானிக்கும்.

வீட்டிலிருந்து என் சொந்த ஃபேஸ்புக்கில் போட்டது. அதற்கும் வேலை போகுமா?

போகலாம். 1998இல் ரோஸ் எதிர் டெல்ஸ்ட்ரா வழக்கில் வந்த அளவுகோல்தான் இன்றும். வேலைக்கு வெளியே செய்தது வேலை உறவைக் கடுமையாகப் பாதிக்கிறதா, நிறுவனத்தின் நலனைக் கெடுக்கிறதா, உங்கள் கடமையோடு ஒத்துப்போகாததா என்று பார்ப்பார்கள். பல்கலைக்கழகப் பெயரை முகப்பில் போட்டுக்கொண்டு மாணவர்களைக் கேலி செய்தால் தப்பிப்பது கஷ்டம்.

குற்றச்சாட்டு பாலியல் தொந்தரவு என்றால்?

2021 திருத்தத்துக்குப் பிறகு, வேலையோடு தொடர்புடைய பாலியல் தொந்தரவு வேலை நீக்கத்துக்குத் தகுந்த காரணமாகலாம் என்பது சட்டத்தில் எழுத்திலேயே இருக்கிறது. ஒரே தடவை என்றாலும் போதும். 2026 ஜனவரி 1 முதல் உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று பாலின வன்முறை தடுப்புத் தேசிய விதித்தொகுப்பும் அமலுக்கு வந்திருக்கிறது, 2025 பிப்ரவரி முதல் தேசிய மாணவர் குறைதீர்ப்பாளரிடம் மாணவர்கள் நேராகப் போகலாம். ஆகவே "உள்ளுக்குள்ளேயே முடித்துவிடுவார்கள்" என்ற பழைய எண்ணத்தை விட்டுவிடுங்கள். அது நல்லதுக்குத்தான் என்பது என் கருத்து. பல வருடம் உள்ளுக்குள்ளே முடிந்தது யாருக்குச் சாதகமாக இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு, விவரத்தோடு குற்றச்சாட்டைக் கேட்கும் உரிமையும் பதில் சொல்லும் உரிமையும் அப்படியே இருக்கின்றன. புகார்தாரரை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும் விசாரணையில் பொதுவாகக் கிடையாது. மாணவியோடோ மாணவனோடோ இருந்த உறவு இருவரும் விரும்பியதே என்று வாதாடுகிறவர்கள், அதை அறிவிக்காமல் மதிப்பெண் போட்டது தனிக் குற்றச்சாட்டாக வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆய்வில் தரவைத் திருத்தியதாகச் சொல்கிறார்கள். அதுவும் இதே வழிதானா?

இரண்டு வழி. முதலில் 2018 ஆஸ்திரேலியப் பொறுப்பான ஆய்வு நடத்தை விதித்தொகுப்பின்படி ஆய்வு நேர்மை விசாரணை. அது மீறல் என்று சொன்ன பிறகு கூட்டு ஒப்பந்தப்படி ஒழுங்கு நடவடிக்கை. முதல் விசாரணையில் "இது வெறும் கல்வி சார்ந்த பேச்சு" என்று அலட்சியமாகப் பதில் சொன்னதெல்லாம் இரண்டாவதில் ஆதாரமாக வரும்.

நீக்குவதற்கு முன் ராஜினாமா செய்துவிட்டால் மானமாவது மிஞ்சுமே?

சில சமயம் அது சரியான முடிவு. ஆனால் ராஜினாமா செய்தவர் கமிஷனுக்குப் போக வேண்டுமென்றால், நிர்வாகத்தின் நடத்தையால் வேறு வழியே இல்லாமல் தள்ளப்பட்டேன் என்று காட்ட வேண்டும், அது சுலபமில்லை. விசாரணை நடந்துகொண்டிருந்தது, பயமாக இருந்தது என்பது போதாது. ராஜினாமாதான் என்றால் அதைப் பேரத்தில் வையுங்கள், சும்மா தூக்கிக் கொடுக்காதீர்கள். இரவு பதினொரு மணிக்கு அனுப்புகிற ராஜினாமா மின்னஞ்சல் எனக்குத் தெரிந்து யாருக்கும் உதவியதில்லை.

நான் புகார் கொடுத்ததால் என் மேல் இந்தக் குற்றச்சாட்டை எழுப்பினார்கள். அல்லது என் இனம், மதம் காரணம்.

அது பொதுப் பாதுகாப்பு (ஜெனரல் புரொடெக்‌ஷன்ஸ்) என்ற வேறு வழி. அதற்கும் 21 நாள்தான். அங்கே ஒரு பெரிய சாதகம், காரணம் அது இல்லை என்று நிரூபிக்கும் சுமை நிர்வாகத்தின் மேல் விழும். இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் இல்லை. பாதகம், கமிஷனில் பேசித் தீராவிட்டால் சான்றிதழ் வாங்கி 14 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும், அது நீளமானது, செலவும் அதிகம். ஒரே நீக்கத்துக்கு இரண்டு வழியிலும் ஒருசேரப் போக முடியாது. எது என்று முதல் வாரத்திலேயே ஆலோசனை கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும்?

செய்தித்தாளில் வரும் தொகைகளை மறந்துவிடுங்கள். கமிஷன் முதலில் பார்ப்பது மீண்டும் வேலையில் அமர்த்துவதை. அது பொருந்தாது என்றால்தான் இழப்பீடு. இழப்பீட்டின் உச்சம் 26 வாரச் சம்பளம் அல்லது சம்பள உச்சவரம்பில் பாதி, எது குறைவோ அது. 2025 ஜூலை முதல் அந்தப் பாதி 91,550 டாலர். அவமானம், மன வேதனை இவற்றுக்கென்று ஒரு டாலரும் தர முடியாது என்று சட்டமே சொல்கிறது. உங்கள் பக்கம் ஒழுங்கீனமும் இருந்தால் குறைப்பார்கள், இடையில் வேறு வேலையில் சம்பாதித்ததையும் கழிப்பார்கள்.

மீண்டும் அதே வேலையில் அமர்த்தினால் இடைப்பட்ட சம்பளத்துக்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது, ஆகவே நிரந்தரப் பேராசிரியருக்கு அதுதான் உண்மையான பரிசு. நடைமுறையில் அது அரிது. நம்பிக்கை போய்விட்டது என்று நிர்வாகம் சொல்லும். கேட்பதில் தப்பில்லை, கேட்டால்தான் சமரசத்திலும் எடை இருக்கும்.

சமரசப் பேச்சில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் ஃபோனில், ஒன்றரை மணி நேர அளவில். கமிஷன் ஆள் ஒருவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசுவார், தீர்ப்புச் சொல்ல மாட்டார். நிறைய வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும். பணத்தை மட்டும் கேட்காதீர்கள். நீக்கத்தை ராஜினாமாவாகப் பதிவு செய்வது, பணிச் சான்று, மேற்பார்வையில் இருக்கும் முனைவர் பட்ட மாணவர்களின் நிலை, ஆய்வுத் தரவும் நிதியும் உங்களோடு வருமா, மின்னஞ்சல் முகவரி எத்தனை மாதம் இருக்கும், இணையப் பக்கத்தில் என்ன எழுதுவார்கள். கல்வித் துறையில் இருப்பவருக்கு இவை சில நேரம் பத்து வாரச் சம்பளத்தைவிட மதிப்பு. ஒருவரையொருவர் இழிவாகப் பேசக் கூடாது என்ற பிரிவு வந்தால் அது அவர்களையும் கட்டுப்படுத்துகிறதா என்று பாருங்கள்.

வழக்கறிஞர் கட்டாயமா?

இல்லை. கமிஷன் முன் வழக்கறிஞர் வாதாடவே அனுமதி கேட்க வேண்டும், சங்க ஆளுக்கு அது தேவையில்லை. செலவை அவரவர் பார்த்துக்கொள்வதுதான் விதி, அடிப்படையே இல்லாத வழக்கைப் போட்டால் எதிர்ப்பக்கச் செலவும் உங்கள் தலையில் விழக்கூடும். குற்றச்சாட்டு போலீஸ் வரை போகக்கூடியதாக இருந்தால் மட்டும் வேறு கதை. அப்போது பல்கலைக்கழகத்துக்கு ஒரு வரி பதில் எழுதுவதற்கு முன்னாலேயே கிரிமினல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

நான் 482 விசாவில் (முதலாளி ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசா) இருக்கிறேன். வழக்குப் போட்டால் விசா போய்விடுமா?

வழக்குப் போட்டதற்காக விசா போகாது. விசா நிலை எதுவானாலும் ஃபேர் வொர்க் சட்டம் பொருந்தும் என்று 2023 திருத்தம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிரச்சினை வேலை போனதால் வருவது. 2024 ஜூலை 1 முதல் ஸ்பான்சர் வேலை நின்ற பிறகு ஒரு தடவைக்கு 180 நாள் வரை, மொத்த விசாக் காலத்தில் 365 நாள் வரை அவகாசம் உண்டு, முன்பு இருந்த 60 நாள் போயிற்று. அந்தக் காலத்தில் வேறு முதலாளியிடம் வேலையும் பார்க்கலாம். பல்கலைக்கழகம் 28 நாளுக்குள் உள்துறைக்குத் தெரிவித்துவிடும், அது பழிவாங்கல் இல்லை, அவர்கள் கடமை. சமரசம் பேசும்போது கடைசி வேலை நாள் எந்தத் தேதி என்று எழுதுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்: 180 நாளை எண்ணத் தொடங்குவது அங்கிருந்துதான். அந்தத் தேதி இரண்டு மாதம் தள்ளிப்போனால் கையெழுத்துப் போடும் அன்றைக்குக் கிடைக்கும் காசைவிட அது பெரிதாக இருக்கலாம்.